எங்கே நின்று பார்த்தார்கள்? மலைத் தலப்படத்தை வாசிக்க ஒரு தொடக்கம்

கொடைக்கானலையும் அதைச் சுற்றியுள்ள மலையையும் இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட்டில், அதாவது தலப்படத்தில், பார்க்க ஒரு தாள் போதாது. நான்கு தாள்களை ஒட்டி வைக்க வேண்டும்: 58எஃப்/7, 58எஃப்/8, 58எஃப்/11, 58எஃப்/12. நான்கும் சேரும் மூலை, ஏரியிலிருந்து வடகிழக்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் விழுகிறது. ஏரி 58எஃப்/8-இல் இருக்கிறது. கிழக்கே கொஞ்சம் போனால் அடுத்த தாள், வடக்கே கொஞ்சம் போனால் இன்னொரு தாள். பெரியகுளம் 58எஃப்/12-இல் இருக்கும், பழனி 58எஃப்/11-இல் இருக்கும்.

இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். நாட்டை அட்சரேகை, தீர்க்கரேகைப்படி நான்கு பாகைக்கு நான்கு பாகை கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் மேற்கு மலைகளில் பெரும்பகுதி 58 என்ற கட்டத்துக்குள் வருகிறது. அதை ஒரு பாகை அளவில் பதினாறாக வெட்டி ஏ, பி, சி என்று எழுத்து வைத்தார்கள். ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாக வெட்டி 1 முதல் 16 வரை எண் போட்டார்கள். வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழே எண்ணி, பிறகு அடுத்த பத்திக்குப் போக வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தால் ஊட்டி 58ஏ/11-இல் வரும். ஒரு தாள் ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டும். இப்போதுள்ள 1:50,000 அளவில், தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். அதற்கு முந்தைய தாள்களில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல்.

சுற்றுலா வரைபடம் சாலையையும் பார்க்க வேண்டிய இடங்களையும் காட்டும். தலப்படம் நிலத்தின் உடம்பையே காட்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம், ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது, காடு எதுவரை, புல் எதுவரை, எந்தக் குடியிருப்புக்கு நடைபாதை மட்டும் போகிறது, எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சம உயரக் கோடு என்று படித்துவிட்டுத் தேர்வோடு மறந்திருப்போம். மலையில் பிறந்தவர்களுக்கும் மலைக்குப் போகிறவர்களுக்கும் இது மறக்கக் கூடாத எழுத்து என்று நான் நினைக்கிறேன்.

அதை வாசிக்க எனக்குப் பெரிதும் உதவிய கேள்வி ஒன்றுதான். தாளில் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் "இதை வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார்?" என்று கேட்டுக்கொள்வேன். மலையில் எல்லா இடத்திலிருந்தும் எல்லாம் தெரியாது. சிகரத்திலிருந்து தெரிவது பள்ளத்தில் தெரியாது. சோலைக்குள் நின்றால் பத்தடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. ஆகவே மலையின் படம் ஒவ்வொன்றும், யாரோ சில இடங்களில் நின்று பார்த்ததன் தொகுப்பு. நின்ற இடம் மாறினால் படமும் மாறும்.

நடந்து வரைந்த படம்

அளக்கப்படுவதற்கு முன்னால் இந்த மலைகள் யாருக்கும் தெரியாமல் கிடந்ததுபோல் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1117-ஆம் ஆண்டு ஹொய்சளர் கல்வெட்டு ஒன்றிலேயே நீலகிரியும் தோடரும் வருகிறார்கள். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று நீலகிரியிலும், பளியர், புலையர், குன்னுவர் என்று பழனி மலையிலும் ஒவ்வொரு ஓடைக்கும் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய படம் காலிலும் நினைவிலும் இருந்தது. தாளில் இல்லை.

தாளில் ஏற்றும் வேலை நீலகிரியில் 1812-இல் தொடங்கியது. கோயம்புத்தூர் கலெக்டர் அனுப்ப, வில்லியம் கீஸ் என்ற உதவி வருவாய் சர்வேயரும் மெக்மஹன் என்ற உதவியாளரும் மலை ஏறினார்கள். கீஸ் ஓர் அறிக்கையும் ஒரு படமும் கொடுத்தார். அந்தக் காலத்தில் இப்படிப் போகிறவர்கள் வழியை வைத்துத்தான் படம் வரைவார்கள். கையில் திசைகாட்டி இருக்கும். தள்ளிக்கொண்டு போக ஒரு சக்கரம் இருக்கும். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினால் தூரம் கிடைத்துவிடும். இவ்வளவு தூரம் வடக்கே, அப்புறம் இவ்வளவு தூரம் வடமேற்கே, இங்கே ஓர் ஓடை, அங்கே ஒரு ஊர் என்று குறித்துக்கொண்டே போவார்கள்.

சமவெளியில் இந்த முறை ஓரளவு சரியாக வரும். மலையில் வராது. காரணம் எளிது. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும், பாதை வளைந்து வளைந்து ஏறும். சக்கரம் சொல்லும் தூரம் கால் நடந்த தூரம். பறவை பறக்கும் தூரம் அதில் ஒரு பங்குதான். அதோடு சக்கரம் பாறையில் குதிக்கும், சேற்றில் சறுக்கும். முதல் மைலில் வந்த பிழை அடுத்த மைலுக்கும் சேர்ந்தே போகும். மாலைக்குள் படத்தில் ஊர் வேறொரு மலைச்சரிவுக்கே நகர்ந்துவிடலாம். இந்த வகைப் படத்தில் பாதையின் இரு பக்கமும் நெருக்கமாக விவரம் இருக்கும், தள்ளிப் போகப் போக வெறுமையாகும். வரைந்தவர் பாதையில் நின்றார் என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

நடக்காமல் அளப்பது

மலையை உள்ளபடி தாளுக்குக் கொண்டுவர, நடக்காமலே தூரத்தை அளக்கும் வழி வேண்டும். அதுதான் முக்கோண அளவை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கு இந்தப் பக்கம் நீங்களும் உங்கள் தங்கையும் 100 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். எதிர்க்கரையில் ஒரு மரம். உங்கள் தங்கை நிற்கும் திசைக்கும் மரத்தின் திசைக்கும் நடுவே உள்ள கோணத்தை நீங்கள் அளக்கிறீர்கள். அவளும் தன் பக்கம் அளக்கிறாள். இருவருக்கும் 60 பாகை வந்தால், மூன்று பக்கமும் சமமான முக்கோணம். மரம் உங்களிடமிருந்து சரியாக 100 மீட்டர். உங்களுக்கு 90, அவளுக்கு 45 என்று வந்தாலும் மரம் உங்களுக்கு நேர் எதிரே 100 மீட்டரில்தான் இருக்கிறது. வேறு கோணங்கள் வந்தால் கணக்குக் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. அளந்த நீளம் ஒன்று, கோணம் இரண்டு.

இதில் அழகு என்னவென்றால், மரம் இருக்கும் இடம் தெரிந்ததும் அந்தப் பக்கமும் அளந்த நீளமாகிவிடுகிறது. அதன் மேல் இன்னொரு முக்கோணம் கட்டலாம். அதன் மேல் இன்னொன்று. ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரம், அங்கிருந்து அடுத்தது என்று நாடு முழுக்க முக்கோணங்களாகப் பின்னிக்கொண்டே போகலாம். சங்கிலி போட்டு அளப்பது தொடக்கத்தில் ஒரு கோடு, நடுவே சரிபார்க்க அங்கங்கே ஒரு கோடு. மற்ற எல்லாமே கண்ணும் கோணமும்.

அந்தத் தொடக்கக் கோடு நம் ஊரில்தான் போடப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலியை மறுபடி மறுபடி நீட்டிப் போட்டு, சுமார் ஏழரை மைல் தூரத்தை 57 நாள் அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையையும் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். கோணம் அளக்க லண்டனிலிருந்து வந்த தியோடலைட் சுமார் அரை டன் எடை. அதைத்தான் சிகரம் சிகரமாகத் தூக்கிப் போனார்கள்.

சிகரம் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேல் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நேராக்கினார். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்திருந்தவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன். கருவி தூக்கிய கலாசிகள், கொடி பிடித்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், பார்வைக்குக் குறுக்கே நின்ற மரத்தை வெட்டியவர்கள், அரிசி மூட்டை சுமந்தவர்கள். காட்டுக் காய்ச்சலில் செத்தவர்களிலும் அவர்களே அதிகம். படத்தின் மூலையில் அவர்கள் பெயர் இல்லை.

1821: புல்மேடு தந்த பார்வை

நீலகிரியையும் பழனி மலையையும் முறையாக அளந்த முதல் ஆள் பி. எஸ். வார்டு. அதற்கு முன் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளைக் கானர் என்ற அதிகாரியோடு சேர்ந்து அளந்தவர். 1821-இல் அவர் தலைமையில் நீலகிரி அளக்கப்பட்டது. அதே ஆண்டில் பழனி மலையிலும் ஏறினார். வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்து இன்று கொடைக்கானல் இருக்கும் மேட்டுக்கு வந்தார். அவருடைய அறிக்கையில் பழனி மலைக்கு வராககிரி என்று பெயர். பெரியகுளத்தில் ஓடும் வராக நதியையும், கீழ்ப்பழனி மலையில் உள்ள பன்றிமலையையும் நினைத்துக்கொண்டால் அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது.

வார்டு ஏறியபோது மேலே எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் கற்பனை செய்ய வேண்டும். யூக்கலிப்டஸ் இல்லை, அது 1840-களில் வந்தது. வேட்டில் என்ற அயல் மரம் இல்லை, பைன் இல்லை, தேயிலை இல்லை. மேட்டு நிலம் முழுக்க அலை அலையாகப் புல். மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. முக்கோண அளவைக்கு இதைவிடத் தோதான நிலம் கிடைக்காது. எந்த மேட்டில் ஏறினாலும் அடுத்த மேடு தெரியும். ஒரு கற்குவியலும் கம்பமும் கொடியும் வைத்தால் பல மைலுக்கு அப்பாலிருந்து பார்க்கலாம். புல்வெளி இருந்ததால்தான் மலையின் தலைப்பகுதி விரைவாகத் தாளுக்கு வந்தது என்பேன்.

சரிவுகளின் கதை வேறு. முதுமலைப் பக்கத்துக் காடு, குந்தாவுக்கு மேற்கே சரேலென்று விழும் மலைமுகம், பழனி மலையின் தெற்குச் சரிவு, இங்கெல்லாம் நின்று பார்க்க இடமில்லை. மரம் மறைக்கும், மூங்கில் மறைக்கும், தென்மேற்குப் பருவமழையில் மேகம் மறைக்கும். பழைய படங்களில் மேட்டு நிலம் விவரமாகவும் சரிவுகள் பொதுப்படையாகவும் இருப்பதைப் பார்த்தால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கண் நுழையவில்லை.

சிகரங்கள் மட்டும் தெரிந்தால் படம் ஆகாது. வெறும் புள்ளிகள்தான் ஆகும். இடைப்பட்ட ஓடை, பாதை, ஊர் எல்லாவற்றையும் நிரப்பப் பயன்பட்டது பிளேன் டேபிள். முக்காலியின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் தாள், தாளில் ஏற்கெனவே இடம் தெரிந்த சிகரப் புள்ளிகள். சர்வேயர் ஒரு மேட்டில் நின்று பலகையைச் சரியான திசைக்குத் திருப்பி வைப்பார். பார்வைத் துளை வைத்த அளவுகோலால் எதிரே தெரியும் ஊரைக் குறிபார்த்துத் தாளில் ஒரு கோடு இழுப்பார். அப்புறம் வேறொரு மேட்டுக்குப் போய் அதே ஊரைப் பார்த்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் ஊர். கணக்குப் போடாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டே, அங்கேயே வரைவது இது. தவறு வந்தால் எதிரே இருக்கும் மலையே காட்டிக்கொடுக்கும். இந்தக் கருவியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு பரீட்சை அட்டை, ஒரு ஸ்கேல், குத்துவதற்கு இரண்டு ஊசி இருந்தால் பள்ளிப் பிள்ளைகளோடு மைதானத்திலேயே செய்து பார்க்கலாம்.

உயரம்: பருப்பு வேகாத கணக்கு

இடம் கிடைத்தாயிற்று. உயரம்? அதற்கும் கோணம்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிகரத்தைப் பார்க்கக் கண்ணை 10 பாகை உயர்த்த வேண்டியிருந்தால், அது நீங்கள் நிற்கும் இடத்தைவிடச் சுமார் 176 மீட்டர் உயரம். தூரம் அதிகமானால் பூமியின் வளைவும், காற்றில் ஒளி வளைவதும் கணக்கில் புகுந்து தொந்தரவு செய்யும். அதையும் திருத்தக் கற்றுக்கொண்டார்கள்.

சிகரம் எதுவும் தெரியாத சோலைக்குள் நிற்கும்போது இன்னொரு வழி இருந்தது. அதை மலைவீட்டுச் சமையலறை அறியும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், குக்கர் இல்லாமல் சிரமம். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். சர்வேயர்கள் இதையே அளவுகோலாக்கினார்கள். சின்னப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து நுண்ணிய வெப்பமானியால் அளந்தால் நிற்கும் இடத்தின் உயரம் தெரியும். பாதரச அழுத்தமானியும் உண்டு, ஆனால் நீளமான கண்ணாடிக் குழாயை மலைப்பாதையில் உடையாமல் கொண்டுபோவது பெரும்பாடு. இரண்டிலும் வானிலை மாறினால் அளவும் மாறும். ஆகவே பழைய நூல்களில் ஒரே சிகரத்துக்கு வேறு வேறு உயரம் பார்த்தால் குழம்ப வேண்டாம். தொட்டபெட்டாவுக்கு இன்று நாம் சொல்லும் 2,637 மீட்டர் ஒரே நாளில் கிடைத்த எண் கிடையாது.

பூம்பாறையில் தெரியும் கோடுகள்

உயரம் தெரிந்தாலும் அதைத் தட்டையான தாளில் எப்படிக் காட்டுவது? முதலில் சரிவு இறங்கும் திசையில் சின்னச் சின்னக் கீற்றுகளாக வரைந்தார்கள். சரிவு செங்குத்தானால் கீற்று தடிக்கும், நெருங்கும். தூரத்திலிருந்து பார்க்கக் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல மலைத்தொடர் தெரியும். பார்க்க மிக அழகு. ஆனால் அதை வைத்து எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியாது. நிழல் விழுந்த ஓவியம் மாதிரி, மலை இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சம உயரக் கோடு. இதை விளக்கப் பலர் உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டுவார்கள். நான் பூம்பாறைக்குக் கூட்டிப் போவேன். சாலையோரத்தில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தால் பூண்டும் உருளையும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள் தெரியும். ஒவ்வொரு வயலின் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் மலையைச் சுற்றிப் போகிறது, மண்ணும் தண்ணீரும் நிற்க வேண்டுமே. அந்த விளிம்பில் நடந்தால் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். சம உயரக் கோடு என்பது அதுதான். பூம்பாறை விவசாயிகள் மலையின் மேலேயே அதை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சரிவை நேர் மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சரிவு செங்குத்தான இடத்தில் வயல்கள் ஒடுங்கி, விளிம்புகள் நெருங்கியிருக்கும். சாய்வு குறைந்த இடத்தில் வயல் அகலம், விளிம்புகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஓடை இறங்கும் மடிப்பில் விளிம்புகள் மலையை நோக்கி உள்ளே குழிந்து போகும். புடைத்து நிற்கும் மேட்டில் வெளியே வளைந்து வரும். தலப்படத்தில் பழுப்பு நிறத்தில் ஓடும் கோடுகளுக்கும் இதே இலக்கணம். 1:50,000 தாளில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்தாவது கோடு தடித்திருக்கும், அதில் உயரம் எழுதியிருக்கும்.

பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் 2,100. நடுவே 1,800 மீட்டர், அதாவது ஏறத்தாழ 90 கோடுகள். கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது வயிற்றில் ஏற்படும் அந்த உணர்வு, தாளில் கோட்டோடு கோடு ஒட்டிக்கொண்டு பழுப்புத் திட்டாகத் தெரியும். அந்த நடைபாதைக்குப் பெயர் தந்த லெப்டினன்ட் கோக்கரும் ஒரு படம் வரைந்தவர்தான். 1872-இல் பாதை போடப்பட்ட காலத்தில் அவர் இந்தப் பகுதியை வரைபடமாக்கினார். தினமும் ஆயிரக்கணக்கானோர் செல்ஃபி எடுக்கும் இடம் ஒரு சர்வேயர் நின்று பார்த்த விளிம்பு.

காதில் விழுந்த பெயர்கள்

படத்தில் கோடு கண்ணால் வந்தது, பெயர் காதால் வந்தது. சர்வேயர் வழிகாட்டியிடம் "அது என்ன ஊர்?" என்று கேட்பார். படகரோ தோடரோ குன்னுவரோ சொல்லும் சொல், தமிழோ கன்னடமோ தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாக, ஆங்கில எழுத்தில் ஏறும். பிறகு அதே ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வரும். வரும்போது ஆளே மாறியிருக்கும்.

கோத்தகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிரி என்றதும் மலை என்று நாம் முடித்துவிடுகிறோம். அது கோத்தர் கேரி, கோத்தர்கள் குடியிருந்த தெரு. ஒரு சமூகத்தின் குடியிருப்பு, எழுத்து மாறியதில் மலையாகிவிட்டது. கூடலூர் பக்கத்து ஓவேலி நேர் எதிர்த்திசையில் நடந்தது. 1847-இல் நீலகிரியை மறுபடி விரிவாக அளந்து அறிக்கை எழுதியவர் ஆக்டர்லோனி. அவர் குடும்பத்தின் பெயரில் வழங்கிய ஆக்டர்லோனி வேலிதான் இன்று ஓவேலி. வேலி என்பதைத் தோட்டத்து வேலியாக நினைத்தால் கதை தவறிவிடும். அது ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல்.

ஆகவே நீலகிரித் தாளை வாசிக்கும்போது சில சொற்களைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. பெட்டா என்றால் மலை, தொட்டபெட்டா பெரிய மலை. ஹள்ளா என்றால் ஓடை. ஹட்டி என்று முடிந்தால் படகர் ஊர். மந்து என்று வந்தால் தோடர் குடியிருப்பு, உதகமண்டலத்தின் பழைய பெயரான ஊட்டகமண்டிலும் அந்த மந்துதான் ஒளிந்திருக்கிறது. எந்தப் பெயர் யாருடைய மொழியில் இருக்கிறது என்று பார்த்தாலே, அந்த இடத்தைப் பற்றி சர்வேயரிடம் பேசியவர் யார் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஸ்னோடன், அவலாஞ்சி, எமரால்டு போன்ற பெயர்கள் வந்த இடத்தில் யாரிடமும் கேட்கவில்லை என்றும் ஊகிக்கலாம். பெரிய மண்சரிவு ஒன்றுதான் அவலாஞ்சிக்குப் பெயர் கொடுத்தது.

பழைய தாளும் இன்றைய மலையும்

வார்டு அளந்தபோது ஊட்டி ஏரி கிடையாது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் அதை உருவாக்கத் தொடங்கியது 1823-இல். கொடைக்கானல் ஏரியும் கிடையாது, அது 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியில் வந்தது. இரண்டு ஊர்களின் அடையாளமாக நாம் நினைக்கும் நீர்ப்பரப்பு இரண்டும் அவர் கண்ணுக்கு ஓடை ஓடும் சதுப்புப் பள்ளம். அதேபோல அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி நீர்த்தேக்கங்களின் அடியில் இருக்கும் பள்ளத்தாக்குகளின் வடிவம், குந்தா மின்திட்டத்துக்கு முந்தைய தாள்களில் மட்டுமே கோடுகளாக மிச்சம் இருக்கிறது.

இன்னும் பெரிய மாற்றம் புல்வெளியில். பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று காட்டியது. வேட்டிலும் பைனும் யூக்கலிப்டஸும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. பழைய தாளில் புல் என்று இருப்பதைச் சும்மா கிடந்த நிலம் என்று வாசித்த காலம் ஒன்று இருந்தது, அதன் விலை இது.

செயற்கைக்கோள் வந்தபின் இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். செயற்கைக்கோளும் ஓரிடத்தில் நின்றுதான் பார்க்கிறது. 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் பதினொரு நாள் ரேடார் அலை வீசி உலகின் பெரும்பகுதிக்கு உயரம் அளந்தது. இன்று கைபேசியில் பார்க்கும் பல மலைப்படங்களின் அடியில் அந்தத் தரவு இருக்கிறது. அந்த அலை அடர்ந்த காட்டில் தரையைத் தொடாமல், மர உச்சிக்கும் தரைக்கும் நடுவே எங்கோ பட்டுத் திரும்பிவிடும். ஆகவே சோலைக்குள் நிற்கும்போது அந்தப் படம் உங்களைக் கிளைகளின் உயரத்தில் காட்டலாம். 1821-இல் கண்ணை மறைத்த அதே மரங்கள்தான் ரேடாரையும் மறைக்கின்றன.

நீங்கள் தொடங்குவதானால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தின் தாளை எடுங்கள். இந்திய நில அளவைத் துறை இணையதளத்தில் தாள்கள் கிடைக்கின்றன. ஆனால் 2005-இன் வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் எண்முறை வேறு, அடிப்படைக் கணக்கும் வேறு. பழைய தாளின் அட்சரேகையை அப்படியே கைபேசியில் போட்டால் இடம் கொஞ்சம் தள்ளிக் காட்டும். முதலில் உங்கள் வீட்டைத் தேடுங்கள். அப்புறம் பக்கத்து ஓடையை விரலால் பிடித்துக்கொண்டு மேலே போங்கள், அது எந்த மேட்டில் பிறக்கிறது என்று பாருங்கள். கடைசியாகச் சின்ன முக்கோணக் குறியைத் தேடுங்கள். பக்கத்தில் உயரம் எழுதியிருக்கும். சர்வேயர் நின்ற இடம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் வனத்துறை அனுமதியோடு மன்னவனூருக்கு மேலே அப்படி ஒரு முக்கோணத்தைத் தேடிப் போனோம். கையில் இருந்த பழைய தாளில் அந்த மேடு முழுக்கப் புல், புள்ளிக்கோடாக ஒரு நடைபாதை. நேரில் போனால் வேட்டில் மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பாதை எங்கே என்றே தெரியவில்லை. கூட வந்த பெரியவர் தாளை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். எழுத்தை வாசிக்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். "தம்பி, இதுல இருக்கறது எங்கப்பா மாடு மேய்ச்ச மலை" என்றார். பிறகு தாளை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அவர் காலுக்குப் பாதை தெரிந்திருந்தது.

உச்சியில் பாறை இருந்தது. பாசியைச் சுரண்டியதும் உளியால் கொத்திய வட்டமும் அதன் நடுவே புள்ளியும் தெரிந்தன. அதன் மேல் ஏறி நின்று நான்கு பக்கமும் பார்த்தேன். தாளின்படி அங்கிருந்து ஏழு சிகரங்கள் தெரிய வேண்டும். வேட்டில் இலைகளுக்கு நடுவே வடக்கில் மட்டும் ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியாக ஒன்று தெரிந்தது.